எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு மே மாதம் கோவில்பட்டியிலிருந்து என் தங்கையும் அவள் மகனும் வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். பையனுக்கு வயது பன்னிரண்டு. வந்த மறுநாள் காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "மாமா, உங்க ஊர்ல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இங்க ஒண்ணும் இல்லப்பா, ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சமையலறையில் இருந்த தங்கையும், "பல்லாவரத்துல என்னடா இருக்கு? ரயில் போகும், பிளேன் போகும், அவ்வளவுதான்" என்றாள். நாங்கள் இருவரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போனோம். இன்னொரு நாள் வண்டலூர், ஒரு மாலை மெரினா. கடலை மிட்டாய் டப்பா காலியாவதற்குள் விடுமுறை முடிந்து அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் தங்கை அவனுடைய பள்ளி நோட்டின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாள். விடுமுறையில் சென்று வந்த ஊரைப் பற்றிய கட்டுரை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று காட்டத்தான் அனுப்பியிருந்தாள். கட்டுரை இப்படித் தொடங்கியது: "என் மாமா ஊர் பல்லாவரம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று மாமா சொன்னார். அதனால் நாங்கள் மகாபலிபுரம் போனோம்." அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கத்துக்குக் கடற்கரைக் கோயிலும் வெண்ணெய் உருண்டைக் கல்லும். அந்த மூன்று வரியில் பிழை ஏதும் இல்லாததால் ஆசிரியர் சிவப்பு மையில் சரி என்று குறியிட்டிருந்தார்.

அந்தக் குறி பல நாள் என் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. பையன் என் ஊரைப் பற்றித் தானாக எதுவும் சொல்லவில்லை. ஊர்க்காரன் சொன்ன சாட்சியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறான். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தவன், பொத்தான் போடும் நேரத்தில் அந்த ஊர் மேல் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறான். அந்தத் தீர்ப்பு கோவில்பட்டியில் ஒரு வகுப்பறைவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

புறநகரில் வாழ்கிறவர்கள் தங்கள் ஊரைச் சொந்தப் பெயரால் சொல்வது குறைவு. எங்கே வீடு என்று யாராவது கேட்டால், "ஏர்போர்ட்டுக்கு அடுத்த ஸ்டாப்", "குரோம்பேட்டைக்கு முன்னாடி" என்றுதான் நானும் சொல்லி வந்திருக்கிறேன். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதலே இந்தத் தடத்து ஊர்களின் கடிகாரம் ரயில் அட்டவணைதான். இருபத்தாறு ஆண்டுகளாக நான் அந்த ரயிலில் பாரிமுனைக்குப் போய் வருகிறேன். வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து வீடு. இந்த ஒரே கோட்டில் எத்தனை கடைகள் மாறின, எந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் கோட்டை விட்டு நூறு அடி விலகினால் எனக்கு ஊர் தெரியாது. 2021இல் எங்கள் நகராட்சியையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியபோதுகூட, இனி வரி எங்கே கட்ட வேண்டும் என்பதைத்தான் தெருவில் பேசிக்கொண்டோம்.

பையனின் நோட்டைப் பார்த்த பிறகு நான் முதலில் செய்தது, இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று இணையத்தில் தேடியது. கிடைத்த பட்டியல்களில் வண்டலூர் உயிரியல் பூங்கா இருந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலை இருந்தது, இரண்டு வணிக வளாகங்கள் இருந்தன. நான் பையனுக்குச் சொன்னதைத்தான் அந்தப் பட்டியல்களும் சொல்லின: இங்கிருந்து வேறெங்காவது போங்கள்.

மைதானத்து ஓரத்தில் ஒரு குழி

பல்லாவரம் என்ற பெயரை ஒரு பாடநூலில் பார்த்த நினைவு எனக்கு இருந்தது. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வரியை உரக்கப் படித்துவிட்டு, "அப்பா, நம்ம ஊர்" என்று நிமிர்ந்து பார்த்தாள். அன்று நான் வெறுமனே சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். அந்த வரியை இப்போது மறுபடியும் தேடிப் பிடித்தேன்.

1863ஆம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், பல்லாவரத்தில் படைவீரர்கள் அணிவகுக்கும் மைதானத்தை ஒட்டிச் சரளை எடுப்பதற்காகத் தோண்டிய ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்காலக் கருவி அது. மண்ணில் புதைந்து கிடக்கும் இத்தகைய கற்கள் மிகத் தொன்மையான மனிதர்கள் செய்தவைதாம் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் 1859 வாக்கில்தான் பரவலாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் எழுந்த அந்த விவாதம் அடங்கி நான்கே ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே ஒரு செம்மண் குழியில் ஒருவர் குனிந்து அதே வகைக் கல்லை எடுத்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற உடன் பணியாளரும் திருவள்ளூருக்கு அப்பால் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அதிரம்பாக்கத்துக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவியல் முறையில் கணித்து வெளியிட்டார்கள். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சி என்ற பெரிய மரத்துக்கு முதல் விதை விழுந்தது எங்கள் ஊரில்.

இதைப் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஃபூட் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பை 1904இல் அந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. கற்கருவிகளைப் பார்க்கப் போன என்னை நிறுத்தியது வேறொன்று. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் ஊர் மேட்டிலிருந்து எடுத்தது. நீளமான தொட்டி போன்ற உடல், அதன் அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இரும்புக்கால மனிதர்கள் இறந்தவரின் எலும்புகளை அதற்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். எலும்பு வைக்கும் பெட்டிக்குக் கால் எதற்கு என்று நான் வெகுநேரம் நின்று யோசித்தேன். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பாள் என் பாட்டி. போனவரை வெறும் மண்ணில் கிடத்த மனம் வராத யாரோ இந்தக் கால்களை ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டியிருக்க வேண்டும். அந்த மண்ணின் மேல்தான் எங்கள் தெருக்களும் தண்ணீர்க் குழாய்களும் ஓடுகின்றன.

திரும்பி வந்து ஃபூட்டின் குழியைத் தேடினேன். கன்டோன்மென்ட் பகுதியில் ராணுவ எல்லைக்குள் நுழைய முடியாது. வெளிச் சாலையில் இரண்டு மாலை நடந்தேன். மதிலோரத்தில் சிவந்த சரளை கிடந்தது. 160 ஆண்டுகளுக்கு முன் தோண்டிய குழி எது, தூர்த்த இடம் எது என்று அறிந்துகொள்ள என் கண்ணில் எந்தக் கல்வெட்டும் பலகையும் படவில்லை. தேநீர்க் கடையில் விசாரித்தேன். "குழியா? கேபிளுக்குத் தோண்டுனாங்களே, அதுவா?" என்று கேட்டார் கடைக்காரர். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சென்ற மே மாதம் என்னைக் கேட்டிருந்தால் அதைவிடக் குறைவான பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

குன்றில் ஐந்து அறைகள்

மகாபலிபுரத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நரசிம்மவர்மன் மாமல்லனின் பெயரைத் தாங்கிய ஊரைப் பார்க்க அவ்வளவு தூரம் பையனைக் கூட்டிப் போனேன். அந்த மாமல்லனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. பல்லவபுரம் என்ற சொல் தேய்ந்துதான் பல்லாவரம் ஆனது. அந்தப் பெயரை விலாசத்தில் எழுதுகிற நாங்கள் ஒரு நாளும் அதன் பொருளைக் கேட்டதில்லை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அந்தக் குகையின் காலம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இறைவனுக்குக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் பெருமையோடு பொறித்து வைத்த அதே அரசன், இங்கும் பாறையைக் குடைந்து மண்டபம் செய்து, உள்ளே ஐந்து அறைகள் வைத்து, தன் விருதுப்பெயர்களை வரிசையாக வெட்டச் செய்திருக்கிறான். ஐந்து அறைகள் இருப்பதால் ஊர் மக்கள் பஞ்சபாண்டவர் குகை என்றார்கள். இன்று அது இஸ்லாமியர் வழிபடும் தர்கா. முறைப்படி அனுமதி கேட்டு, காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு மாலை உள்ளே போனேன். தடித்த தூண்கள். கீழேயும் மேலேயும் சதுரம், நடுவே மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கிய அதே மகேந்திரன் பாணி. ஊதுவத்தி மணம் இருந்தது. ஒரு தாய் மடியில் கிடந்த குழந்தையின் தலைமேல் கை வைத்து ஒரு பெரியவர் ஓதி ஊதினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் தாடியைப் பிடித்தது.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி யாருக்கு உரிமை என்ற பேச்சு வருவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் குன்று குன்றாகக் கருங்கல்லை வெடி வைத்து உடைத்துச் சென்னைக்கு ஜல்லியாக அனுப்பினார்கள். திரிசூலத்திலும் பம்மலிலும் அரைகுறையாக நிற்கும் மலைகளைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பாறை மேல் கை வைக்க யாருக்கும் மனம் வராமல் போனதற்கு, இங்கே தொடர்ந்து யாரோ விளக்கேற்றிக்கொண்டும் பிரார்த்தனை செய்துகொண்டும் இருந்ததே காரணம் என்று நான் நம்புகிறேன். பல்லவன் வெட்டிய எழுத்தை நூற்றாண்டுகளாகக் காத்தவர்களில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத பக்தர்களுக்குத்தான் முதல் இடம்.

அம்மி விற்பவர் சொன்னது

இவ்வளவும் பார்த்த பிறகும் என் மனத்தில் ஒரு சங்கடம் தீரவில்லை. அருங்காட்சியகத்துப் பேழையும் மகேந்திரன் குகையும் புத்தகம் சொல்லி எனக்குத் தெரிந்தவை. நான் புத்தகத்திலிருந்து எடுத்து என் ஊருக்கு ஒரு பெருமையைத் தைத்து மாட்டுகிறேனோ என்ற ஐயம் இருந்தது. அது தீர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தை சென்னை முழுவதும் பெயர் பெற்றது. சிறுவயதில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனதுதான். வேலையில் சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை பகல் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. இந்த ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கும் பெரும்பாலானோர் சந்தை கூடும் நேரத்தில் பாரிமுனையிலோ கிண்டியிலோ இருப்பார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் ரயிலேறி வெளியூரிலிருந்து வருவார்கள். அன்று விடுப்பெடுத்துப் போனேன். கருவாட்டு வாடை, அதை அடுத்துப் பழைய கீபோர்டுகளின் குவியல், அதை அடுத்து ரோஜாப் பதியன்கள், ஸ்பானர்கள், மூடியில்லாத மிக்ஸி ஜார்கள், புறாக் கூண்டு, கதவில்லாத நிலையும் நிலையில்லாத கதவும். எதற்கும் விலைச் சீட்டு கிடையாது. எடுத்துத் திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டு நடப்பது போல நடந்தால்தான் உண்மையான விலை பின்னால் வரும்.

சந்தையின் கடைசிப் பக்கத்தில் தார்ப்பாய் நிழலில் ஒரு முதியவர் அம்மி, குழவி, சிறிய இடிகல் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இடது கைக் கட்டைவிரலில் நகம் இல்லை. எது நல்ல கல் என்று கேட்டேன். உளியைத் திருப்பிப் பிடித்து ஒவ்வோர் அம்மியாகத் தட்டிக் காட்டினார். ஒன்று மந்தமாக ஒலித்தது, ஒன்று கணீரென்றது. "இதெல்லாம் வெளியூர்க் கல்லு சார். பரவால்ல, அரைக்கலாம். நம்ம மலைக்கல்லுன்னா மண்ணே விடாது" என்றார். நம்ம மலை எது என்று கேட்டேன். தலையைத் திரிசூலம் பக்கம் அசைத்தார். பதினாறு வயதிலிருந்து அந்தக் குவாரியில் கல் உடைத்தவர் அவர். பிறகு தம் முதுகுக்குப் பின்னாலிருந்த சாக்கை விலக்கி ஒரு பழைய குழவியை எடுத்தார். விற்பதற்கு அல்ல, அவர் கையால் முதன்முதலில் செய்த குழவியாம். பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் அதன் மேல் ஊற்றினார். சாம்பல் நிறமாக இருந்த கல் ஒரு நொடியில் கருத்து, கருமைக்குள் பச்சையும் நீலமும் கலந்து, எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. "பழைய வீடா உங்களது? துவைக்கிற கல்லு இருந்தா தண்ணி ஊத்திப் பாருங்க. இதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போனேன். கிணற்றடியில் துவைக்கும் கல் இருக்கிறது. வாஷிங் மெஷின் வந்த பிறகு அம்மா அதன் மேல் துளசித் தொட்டிகளை வைத்துவிட்டாள். தொட்டிகளை இறக்கிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அதே கருமை, அதே பச்சை, அதே மினுக்கம். நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் குழிந்திருந்தது. அம்மாவும், அவளுக்கு முன் பாட்டியும் துணியை அடித்து அடித்து விழுந்த பள்ளம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "இந்த வீடு கட்டுறப்ப உங்கப்பா திரிசூலத்துலேர்ந்து மாட்டு வண்டில கொண்டாந்தாரு. எறக்க நாலு பேரு வந்தாங்க. ஏன், இப்ப என்ன அதுக்கு?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. பையன் என்னைக் கேள்வி கேட்ட அன்று நான் நின்ற இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அந்தப் பாறைக்கு இன்று உலகம் முழுவதும் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் 1690இல் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி வைத்த ஜோப் சார்னோக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறையில் பதித்த கல் சென்னையை ஒட்டிய இந்தக் குன்றுகளின் பாறை வகையைச் சேர்ந்தது என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னோக்கின் பெயரை வைத்தார். நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது இது. இந்த வகைப் பாறை அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் அதற்கும் இதே பெயர்தான். பரங்கிமலையில் உள்ள இதன் மூலப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பாறைக்குப் பெயர் கொடுத்தவர் கொல்கத்தாவில் உறங்குகிறார். பாறையைக் கொடுத்த ஊரின் பெயர் அதில் இல்லை. இது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று கொல்லையில் ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றபோது அந்த வருத்தத்தை மீறிய ஓர் ஆறுதல் இருந்தது. என் ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை எந்தப் புத்தகத்திலிருந்தும் தைத்து மாட்ட வேண்டியதில்லை. அம்மா அதன் மேல்தான் என் பள்ளிச் சட்டைகளைத் துவைத்திருக்கிறாள்.

இரண்டாம் முறை

இந்த மே மாதம் அவர்கள் மறுபடி வந்தார்கள். பையன் எதுவும் கேட்கவில்லை; பார்க்க ஒன்றுமில்லை என்பது அவனுக்கு முடிந்துபோன செய்தி. நானாகத்தான், வெள்ளியும் சனியும் எங்கேயும் போக வேண்டாம், இந்த ஊரைச் சுற்றுவோம் என்றேன். தங்கை, "அண்ணா, வெயில்ல புள்ளைய அலைக்கழிக்காத" என்றாள். பிறகு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

வரிசை முக்கியம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வெள்ளிக்கிழமையாக இருந்தால் காலை ஒன்பதுக்கு முன் சந்தைக்குப் போய்விட வேண்டும். பதினொன்றுக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. மதியம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நான்கு மணிக்கு மேல் குகைக்குப் போனோம். பையன் எழுத்துகளைத் தொடாமல், எதிரே நின்று ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தான். இதை வெட்டிய ஆளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டான். அரசனின் பெயர்கள்தான் இருக்கின்றன என்றேன். அது அவனுக்கு நியாயமாகப் படவில்லை.

மறுநாள் காலை திரிசூலம். பல்லாவரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் அடுத்த நிலையம்தான். இறங்கினால் ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் ஊருக்குள் போகும் சாலை. நான்கு குன்றுகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில் இருக்கிறது; நான்கு வேதங்களே குன்றுகளாக நிற்கின்றன என்பது தல புராணம். சோழர் காலத்துக் கோயில். கல்வெட்டுகளில் ஊர் திருச்சுரம் என்று வருகிறது. சுரம் என்றால் பாழ்வழி. கடந்து போகிற வழியாகத்தான் இந்த இடம் அன்றும் இருந்திருக்கிறது போலும், என்று நினைத்துக்கொண்டேன். சுவரின் கல்லைப் பையன் உற்றுப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கப் போனான். கோயில் சுவரில் வேண்டாம் என்று தடுத்தேன்.

பெரிய ஏரியில் அதிக நேரம் நிற்கவில்லை. அதன் நடுவே துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை ஓடி ஏரியை இரண்டாகக் கிழித்துவிட்டது. பல ஆண்டுகள் அதில் ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கினார்கள். இப்போது ஒரு பக்கத்தைத் தூர் வாரி நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் முதியவர்கள் நடக்கிறார்கள். நானும் தங்கையும் சிறுவயதில் பார்த்த நீர்ப்பரப்பை அவளால் அங்கே அடையாளம் காண முடியவில்லை. "இவ்ளோதானா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

திருநீர்மலையைச் சனிக்கிழமை மாலைக்கு வைத்திருந்தேன். பம்மல் வழியாக ஆட்டோவில் போய்விடலாம். அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம், மலைமேல் அரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். ஒரே தலத்தில் நான்கு நிலைகளையும் காணலாம். திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம் இது. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் அவர் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகு தரிசித்தார் என்பது வழிவழிச் செய்தி. கோயில் பார்க்க ஆறு மாதம் காத்திருந்த அவர் எங்கே, பக்கத்து ஊரிலேயே இருந்து முப்பது ஆண்டுகளாகப் போகாத நான் எங்கே என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன். தங்கைக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கியது, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மேலே நின்றபோது விமான நிலையத்தின் ஓடுபாதை தெரிந்தது. இறங்க வரும் விமானங்கள் விளக்குகளோடு வரிசையாக நின்றன. பையன் பதினொன்றுவரை எண்ணினான். இருட்டத் தொடங்கியதும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கேறிற்று. எங்கள் தெரு எது என்று அவன் கேட்டபோது ரயில் பாதையின் ஒளிக்கோட்டைக் காட்டி, அதிலிருந்து நூறு அடி விலகிப் பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே கன்டோன்மென்ட் சாலைக்குப் போக வேண்டும் என்றான். ஃபூட் கல்லெடுத்த கதையை நான் முந்தின இரவு சொல்லியிருந்தேன். மதிலோரச் சரளையில் குனிந்து குனிந்து நடந்தான். ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பிடித்து, "இதுவா மாமா?" என்றான். ஃபூட் எடுத்தது குவார்ட்சைட் என்னும் கல்வகை. சார்னோகைட்டைப் போலக் கருமையாக இருக்காது, செதுக்கிய பக்கம் கூர்மையாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும்போது இரண்டு கால்சட்டைப் பைகளும் தொங்கின. கிணற்றடியில் துவைக்கும் கல்லின் மேல் அத்தனையையும் வரிசையாகப் பரப்பி, அம்மாவிடம் செம்பு வாங்கித் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றும் என்ன நிறம் மாறுகிறது என்று பார்த்தான். அம்மா தொட்டிகளைத் திரும்ப அதன் மேல் வைக்கவில்லை. அன்று அவன் சட்டையை அந்தக் கல்லிலேயே கசக்கிப் போட்டாள்.

பதினேழு கற்களில் பதினாறைத் தோட்டத்தில் கொட்டிவிட்டான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். மஞ்சள் பாய்ந்த வெளிர் கல், உள்ளங்கைக்குள் அடங்குவது, ஒரு விளிம்பு மட்டும் மெலிந்திருந்தது. வண்டிச் சக்கரத்தில் நசுங்கி உடைந்த வெறும் சரளையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். சரி என்றான். எழும்பூர் நிலையத்தில் ரயில் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக அதைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்து, மியூசியத்தில் காட்டிக் கேட்டுச் சொல்லச் சொன்னான். கல் என் மேசை மேல் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கொண்டுபோகிறேன்.